மூன்றாம் பெஞ்சில் நின்றுபோன சமாதானம்

கொரோனாவுக்குப் பிறகு எங்கள் கோவிலில் சமாதானம் கொடுக்கும்போது யாரும் யாரையும் தொடுவதில்லை. அந்த நேரம் வந்ததும் நின்ற இடத்திலேயே திரும்பித் திரும்பிக் கும்பிடு போட்டுக்கொள்கிறார்கள், கல்யாண மண்டப வாசலில் வரவேற்க நிற்பவர்களைப் போல. நான் மட்டும் பழக்கம் விடாமல் கையை நீட்டிவிடுகிறேன். போன மாதம் பக்கத்தில் நின்ற இளம்பெண் என் கையைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, கைப்பையிலிருந்து சானிடைசரை எடுத்து என் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டாள். எனக்குக் கோபமெல்லாம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. இனிமேல் நாமும் ஊரோடு சேர்ந்து கும்பிட்டுவிடலாம் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஆனால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் பழைய ஞாபகம் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. இதை இளம் வயதுக்காரர்களிடம் சொன்னால் பாதியில் போனை எடுத்துவிடுவார்கள். உங்களுக்கும் என்னைப் போல அறுபது தாண்டிவிட்டது. கொஞ்சம் பொறுமையாகக் கேட்பீர்கள்.

உங்களில் கோவில் பக்கம் வராதவர்களும் இருக்கிறீர்கள், அவர்களுக்காக ஒரு வார்த்தை. சர்ச்சைத்தான் நாங்கள் கோவில் என்போம். எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அப்பமும் திராட்சை ரசமும் வாங்கப் போவதற்கு முன்னால் ஒருவருக்கொருவர் சமாதானம் கொடுக்க வேண்டும். போதகரை நாங்கள் ஐயர் என்போம். ஐயர் இரண்டு மூப்பர்களுக்கு, அதாவது சபைப் பெரியவர்களுக்கு, கொடுப்பார். அவர்கள் நடைபாதையில் வந்து ஒவ்வொரு பெஞ்சின் ஓரத்தில் இருப்பவருக்கும் கொடுப்பார்கள். ஓரத்தில் இருப்பவர் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்க, அப்படியே கைமாறிக் கைமாறிச் சுவர்வரை போகும். இது கைகுலுக்கல் இல்லை. வலது உள்ளங்கையோடு வலது உள்ளங்கையைச் சேர்த்து, இடது கையால் மேலே மூட வேண்டும். இரண்டு பேரின் நான்கு கைகளும் சேர்ந்து ஒரு பொட்டலம் மாதிரி ஆகிவிடும். யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் அதை அந்த இடத்தில் முடித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். சொல்வதற்கு மிகவும் சுலபமான காரியம்.

நாங்கள் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் இருந்தோம். ஒரே காம்பவுண்டில் இரண்டு ஓட்டு வீடுகள், ஒன்று பெரியப்பாவுடையது, ஒன்று எங்களுடையது. நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டியும், இரண்டு வீட்டுக்கும் பொதுவான துணிக்கொடியும். பெரியப்பா தையல்காரர். மெயின் ரோட்டில் சின்னக் கடை. பாதிரிமார்களின் அங்கி தைப்பதில் பேர் வாங்கியவர் என்பதால் ஐயர் முதற்கொண்டு எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் விரல்களில் எப்போதும் சாக்குக்கட்டித் தூள் இருக்கும், உடம்பில் கரிப்பெட்டி இஸ்திரியின் வாசனை வரும். அப்பா தொழிற்சாலையில் லேத் ஓட்டினார். என்ன சோப்புப் போட்டாலும் அவர் நகக்கண்ணில் இருக்கும் கறுப்பு போகாது.

அப்பாவுக்கு இரண்டு விஷயங்களில் பெருமை. ஒன்று சாம்பல் நிற ஸ்கூட்டர், இன்னொன்று கேரம். பெரியப்பாவுக்கு ஒரே பெருமை, அவர் மகன். எனக்கு அவன் அண்ணன். அப்போது பியூசி படித்துக்கொண்டிருந்தான், அதாவது புத்தகத்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். அவன் காலில் பந்து இருந்தால் எதிரே நிற்கிறவன் தன் கால் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும் என்பார்கள். ஒரு பெரிய டீமில் அவனை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வேலையும் தருவார்களாம். பெரியம்மா ஆட்டுக்கால் சூப் வைத்து வைத்து ஓய்ந்துபோயிருந்தாள்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை. ஞாயிறன்று எல்லோரும் ஓலை பிடித்துக்கொண்டு பவனி போவோமே, அதற்கு ஓலை வாங்கி வரும் பொறுப்பு அந்த வருடம் அப்பாவுடையது. மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில் கேரம் ஆட்டம். அப்பா சிவப்புக் காயைக் குழியில் தள்ளிவிட்டு, அதற்குத் துணையாக இன்னொரு காய் போட வேண்டிய நிலையில் குனிந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார். அப்போது பார்த்து அம்மா ஓலையை ஞாபகப்படுத்தினாள். அப்பாவுக்குப் பலகையை விட்டு எழுந்திருக்க மனம் இல்லை. பக்கத்தில் அண்ணன் நின்றிருந்தான்.

பெரியப்பா சொல்லாமல் இல்லை. "லைசன்ஸ் இல்லாத பையன், தம்பி. அவன் எவ்ளோ கெஞ்சினாலும் சாவி மட்டும் குடுத்துடாத" என்று துணிக்கொடி அருகே நின்று அப்பாவிடம் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த மத்தியானம் அப்பா சாவியைத் தலைக்கு மேலே தூக்கிப் போட்டார். தோலில் செய்த குட்டிச் செருப்பு ஒன்று அந்தச் சாவியில் தொங்கும். அண்ணன் அதைக் காற்றிலேயே பிடித்தான்.

"சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் போனதும் வந்துடணும்டா. உங்கப்பா கடையில இருந்து வர்றதுக்குள்ள வண்டி இங்க நிக்கணும்."

"பத்தே நிமிஷம் சித்தப்பா!"

திரும்பி வரும்போது ரயில் பாலத்து இறக்கத்தில் பின்னால் கட்டியிருந்த ஓலைக்கட்டு சரிந்து சக்கரத்துக்குள் போய்விட்டது. வண்டி அவன் முழங்காலின் மேல் விழுந்தது. அந்த வழியாக வந்த ஒரு ஜட்காக் குதிரைவண்டிக்காரர் அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அவன் சொன்ன அடையாளத்தை வைத்து ஓலைக்கட்டோடு எங்கள் வாசலுக்கு வந்தார். "பச்சாவுக்குக் கால்ல அடிம்மா, ரொம்ப அடி, ஜல்தி போங்க" என்றார். கேரம் பலகையின் மேல் காய்கள் அப்படியே கிடந்தன.

மறுநாள் கோவிலில் அந்த ஓலைகளைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டு பாடினார்கள். சிவப்புப் பட்டிருந்த ஓலைகளை மட்டும் அம்மா காலையிலேயே தனியாக எடுத்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டாள். அவை அங்கேயே காய்ந்து பழுப்பாகின. யாரும் எடுத்து எறியவும் இல்லை.

கால் பிழைத்தது. முழங்கால் மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரியப்பா அப்பாவைப் பார்த்து, "சொன்னேனே தம்பி... நான் சொன்னேனே" என்றார். கத்தவில்லை. திட்டவும் இல்லை. அதோடு எழுந்து உள்ளே போய்விட்டார். அதன் பிறகு அந்த அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது.

ஸ்கூட்டரைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அப்பா அதன்மேல் ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு, சாவியைக் காலண்டர் ஆணியில் மாட்டினார். கேரம் பலகை பீரோவுக்குப் பின்னால் போனது. அப்பா, பெரியப்பா எழுந்திருக்கும் முன்பே கிளம்பித் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடித்துவிடுவார், திரும்பி வருவது பெரியப்பா கடையில் இருக்கும் நேரமாக இருக்கும். தார்ப்பாய்க்கு அடியில் பெரியம்மாவின் கோழி ஒன்று குடியேறி முட்டை வைக்க ஆரம்பித்தது.

அடுத்து வந்தது ஈஸ்டர், அன்றைக்கும் திருவிருந்து உண்டு. எங்கள் கோவிலில் அப்போது ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவில் நடைபாதை. ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சு எங்கள் குடும்பத்தின் வழக்கமான இடம். நடைபாதை ஓரத்தில் பெரியப்பா, அடுத்து அப்பா, அதற்கடுத்துச் சுவரோரமாக அண்ணன். அன்று அண்ணன் இடம் காலி. அப்பா சுவர்ப்பக்கம் நகர்ந்து உட்காராமல் தன் இடத்திலேயே இருந்தார், ஐயர் பார்த்தால் நன்றாக இருக்காது என்று நினைத்தாரோ என்னவோ. சகோதரர்கள் ஒன்றாக வாழ்வதைப் பற்றிய வேதாகமத்தின் சங்கீத வசனத்தை ஐயர் வாசித்தார். மூப்பர் வந்து பெரியப்பாவுக்குச் சமாதானம் கொடுத்தார். பெரியப்பா அப்பா பக்கம் திரும்பினார். பெண்கள் பக்கத்திலிருந்து எங்களுக்குத் தெரிந்தது அவருடைய கோட்டு முதுகு மட்டும்தான். மற்ற ஆண்கள் அவரவர் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு நேராகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"குடுக்கல" என்றாள் அம்மா, முக்காட்டுக்குள்ளிருந்து. முன் பெஞ்சிலும் பின் பெஞ்சிலும் அதே வார்த்தை கிசுகிசுவென்று போனது. கோவில் விட்டு வெளியே வருவதற்குள் சபை முழுக்கத் தெரிந்துவிட்டது, மாஸ்டர் தம்பிக்குச் சமாதானம் கொடுக்கவில்லை என்று.

அதற்குப் பிறகு பெரியப்பா வீட்டில் ஒரே விருந்தாளிக் கூட்டம்தான். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன், அதனால் எல்லாம் காதில் விழும். ஐயர் வருவார், மூப்பர்கள் வருவார்கள், பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து வருவார்கள். பெரியம்மாவுக்கு டீ போட்டு மாளவில்லை.

"மாஸ்டர், ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லியிருக்கு. நீங்க ஒரு தடவை மன்னிச்சா போதும். நாங்க அதிகமா கேக்கல" என்றார் ஐயர்.

"சரிங்க ஐயா."

"உங்க கூடப் பொறந்தவர். வேணும்னா செஞ்சார்?"

"இல்லீங்க ஐயா."

"அப்புறம் என்ன மாஸ்டர் தடை?"

பெரியப்பா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "ஜெபம் பண்ணுங்க ஐயா" என்றார். ஐயர் ஜெபம் பண்ணினார். கல்லான இருதயத்தைப் பற்றி ரொம்ப நேரம் பண்ணினார். பெரியப்பா தலை குனிந்து ஆமென் சொன்னார். இவர்களில் ஒருவராவது முற்றத்தைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. வந்திருந்தாலும் அப்பாவின் தோளைத் தட்டி, "கவலப்படாதீங்க, மாஸ்டர் மனசு மாறும்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அப்பா அதற்கும் தலையை ஆட்டியிருப்பார்.

கடைசியில் ஐயரும் அம்மாவும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அந்த வழி நான்தான். எனக்குப் பதினொரு வயது. சின்னப் பெண் அப்பாவோடு ஆண்கள் பக்கம் உட்காரலாம், தப்பில்லை. என்னை இருவருக்கும் நடுவில் உட்கார வைத்தால் பெரியப்பா எனக்குக் கொடுப்பார், நான் அப்பாவுக்குக் கொடுப்பேன், சமாதானம் நிற்காது. ஐயருக்கு இந்த யோசனை மிகவும் பிடித்துவிட்டது. ஒரு குழந்தையின் மூலமாகக் கர்த்தர் பேசுவார் என்று பிரசங்கத்திலேயே சொன்னார். நானும் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்று யோசித்தால் இதைவிட மோசமான யோசனை இருக்க முடியாது என்று தோன்றுகிறது. பிரிந்தவர்களுக்கு நடுவில் ஒரு ஆளைப் போட்டால் அவர்கள் வசதியாகப் பிரிந்தே இருக்கலாம். மே மாதத்திலிருந்து மழைக்காலம் முடிகிறவரை அப்படித்தான் இருந்தார்கள். திருவிருந்து தடையில்லாமல் நடந்தது. சபைக்கு நிம்மதி.

ஆனால் எனக்கு இரண்டு பேரின் கையும் நன்றாகத் தெரிந்துவிட்டது. பெரியப்பா என் கையைச் சும்மா மூட மாட்டார். கெட்டியாகப் பிடித்து, ஒரு அழுத்து அழுத்துவார், கடிதத்துக்குத் தபால்தலை ஒட்டுகிற மாதிரி. கத்தரிக்கோல் பிடித்துக் காய்த்துப்போன கட்டைவிரல் என் மணிக்கட்டில் உரசும். சூடான கை. பிறகு நான் அப்பா பக்கம் திரும்புவேன். அப்பாவின் கைகள் இரண்டும் மடியில் கிடக்கும். நானே எடுத்து, நானே சேர்த்து, நானே மூட வேண்டும். மே மாத வெயிலிலும் அது சில்லென்று ஈரமாக இருக்கும். ஒவ்வொரு தடவையும் அதில் ஒரு நடுக்கம் இருக்கும். நான் அதைக் கண்டு ஒன்றும் நினைக்கவில்லை. பெரியவர்களின் கை அப்படி அப்படி இருக்கும் போல என்று விட்டுவிட்டேன்.

அண்ணன் முதல் சில மாதங்கள் அப்பாவின் பேரை எடுத்தாலே டம்ளரைத் தூக்கி எறிந்தான். நிஜமாகவே எறிந்தான். பித்தளை டம்ளர் ஒன்று அவன் கட்டிலுக்கு எதிரே சுவரில் பட்டுப் பட்டு நெளிந்துபோயிருந்தது. "அந்த ஆளு மூஞ்சிலயே நான் முழிக்கமாட்டேன்" என்பான். அவனுடைய பந்து கட்டிலுக்கு அடியில் காற்று இறங்கி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சப்பையாகிக்கொண்டிருந்தது. அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது. அந்த டீமுக்கு வேறு பையனை எடுத்துக்கொண்டார்கள், அவனும் எங்கள் தெருதான்.

ஆனாலும் முதல் ஞாயிறுகளில் நான் கோவிலிலிருந்து வந்ததும் கேட்பான். படுத்துக் கிடக்கிறவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு?

"என்னா, இன்னிக்குச் சமாதானம் போய்ச் சேந்துச்சா?"

"சேந்துச்சு."

"எங்கப்பா முறைச்சிக்கிட்டே குடுத்தாரா?"

"இல்லையே. கெட்டியாப் பிடிச்சாரு. எப்பவும் கெட்டியாத்தான் பிடிப்பாரு. எங்கப்பா கைதான் ஐஸ் மாதிரி இருந்துச்சு, நடுங்கிச்சு."

அண்ணன் தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்தான். "உங்கப்பா உன் கையப் பிடிச்சாரா, நீ அவர் கையப் பிடிச்சியா?"

"நான்தான். அவரு எங்க நீட்டுறாரு? மடியிலயே வெச்சிருப்பாரு."

"மொதல் தடவைல இருந்தே?"

"மொதல் தடவைல இருந்தே."

அதற்கடுத்த மாதமும் அதே கேள்வியைக் கேட்டான், அதே பதிலைச் சொன்னேன். அதன் பிறகு டம்ளர் பறக்கவில்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

நவம்பர் நடுவில் நான் பெரிய மனுஷி ஆனேன். உங்களில் பெண்களுக்குத் தெரியும், அப்போது அதை என்ன பாடு படுத்துவார்கள் என்று. எல்லாம் முடிந்ததும் அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டாள், "இனிமே பொம்பளைங்க பக்கம்தான். தலையில முக்காடு போட்டுக்கணும்." அப்படிச் சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. டிசம்பர் முதல் ஞாயிறு திருவிருந்து. நடுவில் உட்கார ஆள் இல்லை. ஐயரிடம் ஓடினாள். ஐயர் தலையைச் சொறிந்துகொண்டு, ஜெபிப்போம் என்றார்.

அந்த வாரம் இரண்டு அடுப்படியிலும் கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கு சுட்டார்கள். வழக்கமாக ஒரே வாணலியில், ஒரே அச்சை மாற்றி மாற்றிப் பிடித்துச் சுடுவார்கள். அந்த வருடம் அச்சு பெரியம்மாவிடம் இருந்தது. அம்மா கடன் வாங்கிய வேறு அச்சில் சுட்டாள், மாவு அச்சை விட்டுக் கழலவே இல்லை. எண்ணெய் வாசனை இரண்டு வீட்டிலிருந்தும் வந்து முற்றத்தில் கலந்துகொண்டது. அப்பா வெளியே எட்டிப்பார்க்காமல் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம், "நான் வேற கோவிலுக்கு மாறிக்கிறேன். ஒக்கலிபுரம் பக்கம் ஒண்ணு இருக்கு. இந்த ஞாயித்துக்கிழமை மட்டும் வர்றேன், அதோட சரி" என்றார். அப்பா போய்விட்டால் அந்த அண்ணன் தம்பி இனி ஒரு இடத்தில் நிற்கப்போவதில்லை என்பது எனக்கே புரிந்தது.

ஞாயிறு காலை அண்ணன், தானும் கோவிலுக்கு வருவதாகச் சொன்னான். விபத்துக்குப் பிறகு முதல் முறை. ஊன்றுகோலோடு தட்டுத் தட்டென்று நடந்து வந்து மூன்றாவது பெஞ்சு அருகே நின்றான். காலை நீட்டி வைக்க வசதி என்று எல்லோரும் நடைபாதை ஓரத்தில் இடம் விட்டார்கள். "வேணாம். நான் எப்பவும் செவுத்தோரம்தான்" என்று, பக்கவாட்டுக் கதவு வழியாகச் சுற்றிப் போய்த் தன் பழைய இடத்திலேயே உட்கார்ந்தான். ஊன்றுகோலை ஜன்னல்மேல் சாய்த்துவைத்தான். நடுவில் அப்பா. அப்பா தலையைத் தூக்கவே இல்லை.

நான் பெண்கள் பக்கத்தில், முக்காடு வழுக்கி வழுக்கி விழ, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூப்பர் வந்தார், பெரியப்பாவுக்குக் கொடுத்தார். பெரியப்பா திரும்பினார். மறுபடியும் அதே பழுப்புக் கோட்டு முதுகு.

"பாரு. இன்னிக்கும் குடுக்கமாட்டாரு" என்று அம்மா முணுமுணுத்தாள்.

ஆனால் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நான் எத்தனையோ மாதம் உட்கார்ந்திருக்கிறேன். அவர் இரண்டு கையையும் நீட்டினால்தான் அந்தத் தோள்பட்டைத் தையல் அப்படி இழுக்கும். தன் கோட்டைத் தானே தைத்துக்கொண்டவர், அக்குளில் கொஞ்சம் இறுக்கமாகத்தான் வைத்திருந்தார்.

"நீட்டியிருக்காரும்மா" என்றேன். "அப்பாதான் வாங்கல."

"உஷ்" என்றாள். சொன்னவள் எட்டிப் பார்த்தாள்.

மற்ற பெஞ்சுகளில் எல்லாம் முடிந்துவிட்டது. ஐயர் பீடத்துக்குப் பக்கத்தில் காத்திருந்தார். பெரியப்பா திரும்பிக்கொள்ளவில்லை. அன்றைக்கு அவர் தோள் இறங்கவே இல்லை.

அப்போது சுவரோரத்திலிருந்து அண்ணன் பேசினான். கத்தவில்லை, ரகசியமாகவும் சொல்லவில்லை. மைதானத்தில் பந்து கேட்கிற குரல்.

"சித்தப்பா, எனக்கு இன்னும் வரல."

அப்பா தலையைத் தூக்கினார். முதலில் அண்ணனைப் பார்த்தார். பிறகுதான் பெரியப்பாவின் கையைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அப்பாவின் வலது கை மடியிலிருந்து மேலே வர ரொம்ப நேரம் ஆனது. வந்ததும் பெரியப்பாவின் முதுகு அப்படியே முன்னால் சரிந்தது. அவர் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருப்பார் என்று எனக்குத் தெரியும். அப்பா குலுங்கிக் குலுங்கி அழுதார். என் அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கும் அழுகை வந்துவிட்டது, முக்காடு அதற்கு உதவியாக இருந்தது.

பிறகு அப்பா சுவர்ப்பக்கம் திரும்பினார். அதுதான் அவருக்கு நிஜமான கஷ்டம் என்று இப்போது புரிகிறது. தன் அண்ணனிடம் வாங்கினால், வாங்கியதை அந்தப் பையனுக்குக் கொடுத்தாக வேண்டுமே. அண்ணன் இரண்டு கையையும் முன்னாலேயே நீட்டி வைத்திருந்தான். ஊன்றுகோல் சரிந்து தரையில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. அவன் அப்பாவிடம் ஏதோ சொன்னான். வீட்டுக்கு வந்ததும் என்ன சொன்னாய் என்று நச்சரித்தேன்.

"கை சில்லுன்னு இருக்கு சித்தப்பான்னேன். வேற ஒண்ணுமில்ல."

"நீ மன்னிச்சிட்டியா?"

"அதெல்லாம் தெரியாது போ. அவரு கை நடுங்குதுன்னு நீ மாசா மாசம் வந்து சொல்லிட்டே இருந்தே. அப்புறம் எனக்குக் கோவம் சரியா வரல." சொல்லிவிட்டுக் காலைத் தடவிக்கொண்டான். வலி போகவில்லை, போகவும் போகாது. அதை அவன் யாரிடமும் மறைத்ததில்லை.

அன்று சாயங்காலம் அம்மா ஒழுங்காக வந்த நாலு அச்சு முறுக்கைத் தட்டில் எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டினாள். பெரியப்பா பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு ஏதோ பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"ஈஸ்டர்லயே நீங்க கை நீட்டுனீங்களா மாமா?"

"ம்."

"இத்தன மாசமா ஊரே உங்களைத்தானே கல்நெஞ்சன்னு பேசிச்சு. நானும்தான் பேசினேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

பெரியப்பா நூலை அறுத்தார். "சொன்னா எல்லாரும் அவன் வீட்டுக்குப் போயிருப்பாங்க. அவன் தாங்கியிருக்க மாட்டான்மா, கோவிலுக்கு வர்றதையே விட்டிருப்பான். என்னைத்தானே பேசினாங்க? நான் வந்துக்கிட்டுதானே இருந்தேன்." தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, "அச்சு சரியில்ல. எங்க வீட்டு அச்சை எடுத்துட்டுப் போ" என்றார்.

எனக்கு அன்றைக்கு அது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அச்சு கிடைத்ததுதான் சந்தோஷம். அந்த மனிதர் மகனின் காலுக்காக ஒரு தடவை மன்னித்துவிட்டு, மன்னிக்காதவன் என்ற பெயரையும் சேர்த்துச் சுமந்துகொண்டு, தனக்காகச் செய்த ஜெபத்துக்கெல்லாம் தானே ஆமென் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது புரிய எனக்குக் கல்யாணமாகிக் குழந்தைகள் பிறக்க வேண்டியிருந்தது. ஐயர் அடுத்த வாரமே புது அங்கிக்கு அளவு கொடுக்கக் கடைக்குப் போனார். பழைய அங்கி நன்றாகத்தான் இருந்தது.

அப்பா வேறு கோவிலுக்குப் போகவில்லை. தார்ப்பாயை எடுத்தார், கோழியை விரட்டினார், ஸ்கூட்டரைச் சரி செய்தார். அண்ணனைப் பின்னால் உட்கார வைத்து, மடங்காத கால் ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருக்க, வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவார். எதிரே வருகிறவர்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிடுவார்கள். பெரியப்பாவும் அப்பாவும் அதற்குப் பிறகும் பெரிதாகப் பேசிக்கொண்டதில்லை, முதலிலும் அவர்கள் அதிகம் பேசுகிறவர்கள் இல்லை. கேரம் பலகை மட்டும் வெளியே வரவில்லை. வீடு இடித்தபோது அது என்ன ஆனது என்று தெரியாது.

இருவரும் இப்போது இல்லை. அண்ணன் பெரியப்பாவின் கடையை ரொம்ப நாள் நடத்தினான், கால் மெஷினை ஒற்றைக் காலால் மிதித்து. இப்போது கடை மகன் கையில். கோவிலில் ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்பதெல்லாம் போய்விட்டதால் நானும் அவனும் மூன்றாவது பெஞ்சில் சேர்ந்து உட்காருகிறோம். அவன் அதே சுவரோரம்தான். போன மாதம் காய்ச்சல் என்று வரவில்லை, அதனால்தான் நான் பின்னால் போய் அந்த சானிடைசர் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இந்த மாதம் வந்திருந்தான். சமாதானம் கொடுக்கும் நேரம் வந்தது. நான் எடுத்த முடிவின்படி எல்லோருக்கும் ஒழுங்காகக் கும்பிடு போட்டேன். முன்னால் திரும்பி ஒன்று, பின்னால் திரும்பி ஒன்று, சுவர்ப்பக்கம் திரும்பி அவனுக்கும் ஒன்று. உட்காரப் போனேன்.

அவன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எனக்கு இன்னும் வரல" என்றான்.

கையைக் கொடுத்தேன்.